பக்லவா யார் வீட்டுப் பண்டம்?

வாசகர் கேள்வி, 8 மார்ச் 2025, பிற்பகல்

லாத்தா, நேற்று ஆபீஸில் இஃப்தார். துருக்கிக்காரர் ஒருவர் பெரிய பெட்டியில் பக்லவா கொண்டு வந்தார். லெபனான்காரர் "இது எங்கள் பண்டம்" என்றார். கிரேக்கப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே "ஈஸ்டருக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், அசலைக் காட்டுகிறேன்" என்றாள். பேச்சு முற்றிப்போய் மேனேஜர் வந்து டீ கொடுத்து அமர்த்த வேண்டியதாயிற்று. என் கட்சி: துருக்கிதான் அசல், மற்றவர்கள் பார்த்துச் செய்தவர்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

8 மார்ச், இரவு

தம்பி, உங்கள் கட்சி பாதி சரி.

மறுபக்கத்து எழுத்துத் தெரிகிற அளவுக்கு மெலிதாகத் தேய்த்த மாவுத் தாள்கள், நடுவில் பிஸ்தா, வால்நட் மாதிரிப் பருப்பு, மேலே உருக்கின நெய், வெந்ததும் பாகு. பக்லவா இந்த வடிவத்துக்கு வந்தது இஸ்தான்புல் அரண்மனைச் சமையற்கட்டில். டாப்காபி அரண்மனையின் சமையல் கணக்கில் 1473லேயே பக்லவா பெயர் வருகிறது. அந்த வகையில் துருக்கிக்காரருக்கு ஒரு ஓட்டு போடலாம்.

"மற்றவர்கள் பார்த்துச் செய்தவர்கள்" என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அந்த அரண்மனையில் இருந்த உஸ்மானிய சுல்தான்களின் ஆட்சி ஒரு காலத்தில் அல்ஜியர்ஸ் முதல் பாக்தாத் வரை, போஸ்னியா முதல் ஏமன் வரை பரவிக் கிடந்தது. இன்றைக்கு நாம் துருக்கி, சிரியா, கிரீஸ் என்று பிரித்துப் பேசும் ஊர்களெல்லாம் நூற்றாண்டுக் கணக்காக ஒரே சந்தையில் வாங்கி விற்றவை. பக்லவாவுக்கு வயது அதிகம், இந்த எல்லைக்கோடுகளுக்கு வயது குறைவு. பெட்டியின்மேல் எந்த நாட்டுக் கொடி என்று தேடாதீர்கள். உள்ளே என்ன பருப்பு என்று பாருங்கள், அது ஊரைச் சொல்லிவிடும். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், சஹர் சாப்பாட்டுக்கு விடியுமுன் எழ வேண்டும்.

9 மார்ச், மாலை

பருப்புக் கணக்கு இதுதான்.

துருக்கியின் தென்கிழக்கில் காஸியான்டெப், ஊர்க்காரர் வாயில் வெறும் ஆன்டெப். அங்கே பிஸ்தா. கருங்கடல் கரையில் ஓர்து, கிரேசுன் பக்கம் போனால் ஹேசல்நட். கிரீஸில் வால்நட்டும் தேனும், கூடவே பட்டை, கிராம்பு. போஸ்னியாவிலும் பல்கேரியாவிலும் வால்நட். அல்ஜீரியாவில், குறிப்பாகக் கான்ஸ்டன்டைன் நகரில், பாதாமும் தேனும் ஆரஞ்சுப்பூ நீரும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒரு முழுப் பாதாம் குத்தி வைத்திருப்பார்கள். ஈரானின் யஸ்து நகரில் பாதாம், ஏலக்காய், பன்னீர். துண்டு சின்னது, ஒரு வாய்க்குத்தான் வரும்.

தோட்டத்தில் எந்த மரமோ அதுதான் தட்டில். அரண்மனையிலிருந்து செய்முறை போயிருக்கலாம். வால்நட் மரம் மட்டுமே இருந்த ஊரில் பிஸ்தாவுக்கு எங்கே போவார்கள்? அவரவர் கையிலிருந்ததைப் போட்டார்கள், அதற்கேற்ற வாசனையைச் சேர்த்தார்கள். வால்நட்டின் இலேசான கசப்புக்குத் தேனும் பட்டையும் பொருந்தும். பிஸ்தாவுக்குத் தேன் ஊற்றினால் தேன்தான் வாயில் நிற்கும். அதனால்தான் ஆன்டெப்பில் வெறும் சர்க்கரைப் பாகு. அதில் ஏலம் பன்னீர் எதுவும் கிடையாது, பிஸ்தாவும் நெய்யும் மட்டும் பேச வேண்டும் என்பது அவர்கள் கட்சி. எனக்கும் அந்தக் கட்சிதான் பிடிக்கும். ஆனாலும் கிரேக்க வால்நட் பக்லவாவைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. அது வேறு பண்டம், வேறு மனநிலைக்கு உரியது.

10 மார்ச்

"டாப்காபிக்கு முன்னால் என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, பதில் ஒரே ஊரில் இல்லை.

ரோமாபுரியின் கேட்டோ, கிறிஸ்து பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், வேளாண்மை பற்றி எழுதியதில் ஒரு பலகாரம் சொல்கிறார்: மாவுத் தாள், அதன்மேல் பாலாடைக்கட்டியும் தேனும், மறுபடி தாள், மறுபடி பாலாடைக்கட்டி, கடைசியில் மேலே தேன். அடுக்கு இருக்கிறது, தேன் இருக்கிறது, பருப்பு இல்லை. அடுத்து பாக்தாத். அங்கே ஆண்ட அப்பாஸிய கலீஃபாக்கள் காலத்து விருந்துகளில் லௌஸினஜ் என்று ஒன்று: மெல்லிய தாளுக்குள் அரைத்த பாதாமும் சர்க்கரையும் வைத்துச் சுருட்டி, பாகில் நனைத்தது. 10ஆம் நூற்றாண்டுச் சமையல் குறிப்புகளில் அது உண்டு. மூன்றாவது, மத்திய ஆசியாவின் துருக்கிய நாடோடிகள். அவர்களுக்குத் தூக்கிப் போகிற அவன் அடுப்பு கிடையாது, சட்டியும் கல்லும்தான். கெட்டி ரொட்டி வேகாது என்பதால் மெல்லிய ரொட்டிகளைச் சுட்டு அடுக்கினார்கள். அஜர்பைஜானில் இன்றும் தடித்த அடுக்குகளோடு செய்கிற பக்லவா அந்த வழியில் வந்த நடுப்படி என்று சில உணவு ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள்.

இந்த மூன்றில் எது தாய் என்று கேட்டால், நான் மூன்றாவதுக்கு அடுக்கையும் இரண்டாவதுக்குப் பருப்பையும் பாகையும் கொடுப்பேன். ரோமாபுரிக் கதை வயதில் மூத்தது, ஆனால் பாலாடைக்கட்டி வைத்த பண்டம் பக்லவாவை விட இன்றைய சீஸ் பை வகைகளுக்குத்தான் நெருங்கின சொந்தம்.

10 மார்ச், சற்றுப் பின்

கிரேக்கத் தோழிக்கு இதைக் காட்டிக் கோபப்படுத்த வேண்டாம் தம்பி. உஸ்மானியருக்கு முன் இஸ்தான்புல்லை ஆண்ட கிரேக்கப் பேரரசான பைஸாந்தியத்திலும் அடுக்குப் பலகாரங்கள் இருந்தன. அவள் பாட்டி சொன்னதும் பொய்யில்லை.

12 மார்ச்

"துருக்கி ஐரோப்பிய யூனியனில் பக்லவாவைத் தன் பெயருக்குப் பதிந்துவிட்டதாமே, அப்புறம் என்ன வழக்கு?" என்று கேட்டவருக்கு.

பதிந்தது "ஆன்டெப் பக்லவா". 2013 டிசம்பரில் ஐரோப்பிய யூனியனின் புவிசார் குறியீட்டுப் பட்டியலில் ஏறிய முதல் துருக்கிப் பண்டம் அதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் குறியீடு கிடைத்ததே, அதனால் திருநெல்வேலியில் யாரும் பால்கோவா கிண்டக் கூடாது என்று ஆகிவிட்டதா? ஊர்ப் பெயரை மற்றவர் ஒட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். பக்லவா என்கிற பொதுப்பெயர் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது.

சண்டை நடக்காமலும் இல்லை. 2006 மே மாதம் ஐரோப்பிய தினக் கொண்டாட்டத்தில் ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் ஒரு இனிப்பு என்று காட்டியபோது சைப்ரஸுக்குப் பக்லவாவைப் போட்டார்கள். இஸ்தான்புல்லில் பக்லவா வியாபாரிகள் தெருவில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சைப்ரஸ் தீவில் கிரேக்கர், துருக்கியர் இரு சாராரும் பக்லவா சாப்பிடுகிறவர்கள் என்பது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

13 மார்ச், அஸர் தொழுகைக்குப் பின்

எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு சிரியா இனிப்புக்கடை. பட்டறை பின்பக்கம். அங்கே டமாஸ்கஸ்காரர் ஒருவர் வேலை செய்கிறார், அறுபது தாண்டியவர். கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் "அம்மோ", அரபியில் சித்தப்பா மாதிரி. ஊரிலிருந்து உம்மா வந்திருந்தபோது இருவரும் பாஷை தெரியாமலே நெய் பதம் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். அப்போதிலிருந்து பட்டறைக்குள் போக எனக்கு அனுமதி.

வாரநாள் சரக்குக்கு மெஷின் தாள். பெருநாள் ஆர்டருக்கு மட்டும் கையால் தேய்ப்பார். பார்க்க வேண்டிய வேலை அது. உருண்டைகளைச் சின்ன வட்டமாகத் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஸ்டார்ச்சைத் தாராளமாகத் தூவி, ஒரு அடுக்காக்கி, அந்த அடுக்கையே மொத்தமாகத் தேய்க்கிறார். தேய்க்கிற கட்டை பெருவிரல் தடிமன்தான், நீளம் மேசையின் அகலத்துக்கு இருக்கும். அடுக்கைக் கட்டையில் சுற்றி, இரண்டு உள்ளங்கையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நழுவ நழுவ உருட்டுவார். விரிப்பார், கால்வட்டம் திருப்புவார், திரும்பச் சுற்றுவார். ஸ்டார்ச் புகை எழும்பி மீசையெல்லாம் வெள்ளை. கடைசியில் ஒரு ஓரத்தை ஊதுவார். தாள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து எழும். எழாத தாளைத் தனியே எடுத்து வைத்துவிடுவார், அது தட்டுக்குப் போகாது.

சோளமாவு போதாதா என்று கேட்டேன். அவர் போடுவது கோதுமை ஸ்டார்ச். எது போட்டாலும் வேலை ஒன்றுதான்: தாளும் தாளும் ஒட்டாமல் தடுப்பது. மைதாவையே தூவினால் அது ஈரத்தை உறிஞ்சி மாவோடு மாவாகிவிடும், நாற்பது தாளும் சேர்ந்து நாலு தாளாகும்.

15 மார்ச்

இன்று இங்கே நோன்பு 15. பக்லவாவுக்கு இது பெரிய நாளாக இருந்திருக்கிறது.

17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து உஸ்மானிய சுல்தான்கள் ரமலான் 15 அன்று ஜானிஸரி என்கிற தங்கள் காலாட்படைக்குப் பக்லவா கொடுப்பது வழக்கமாயிற்று. பத்துப் பேருக்கு ஒரு தட்டு. அரண்மனைச் சமையற்கட்டு முன்னால் துணியில் கட்டின தட்டுகள் வரிசையாக இருக்கும். முதல் தட்டு சுல்தானுக்கு. மீதியை இரண்டிரண்டு பேராகக் கழியில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, நகரத் தெருக்கள் வழியே ஊர்வலமாகப் படைவீட்டுக்குப் போவார்கள். இஸ்தான்புல் ஜனம் திரண்டு நின்று பார்க்கும். பக்லவா ஊர்வலம் என்றே பெயர்.

இதை நான் வெறும் விருந்தாகப் பார்க்கவில்லை. ஜானிஸரிகள் சுல்தானை ஏற்றவும் இறக்கவும் பலம் படைத்தவர்கள். அவர்களுக்குச் சோற்று அண்டா கொடிக்குச் சமம். அண்டாவைக் கவிழ்த்துப் போட்டால் கலகம் என்று அர்த்தம். அப்படிப்பட்ட படைக்கு அரண்மனைச் சோறும் அரண்மனை இனிப்பும் தருவது, "நம் உறவு நன்றாக இருக்கிறது" என்று ஊரறியச் சொல்கிற காரியம். 1826இல் இரண்டாம் மஹ்மூத் அந்தப் படையையே கலைத்தார். ஊர்வலமும் அதோடு நின்றது. பக்லவா மட்டும் அதற்குள் ஊர்ஊராகத் தெருக் கடைகளுக்கு வந்திருந்தது.

16 மார்ச்

"காக்கிநாடா காஜாவும் இந்தக் குடும்பமா?"

தூரத்துச் சொந்தம் என்றுகூடச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கோதாவரிப் பக்கம் தாபேஸ்வரம் மடத்த காஜாவும், பீகார் சிலாவ் காஜாவும் அடுக்குப் பண்டங்கள்தான், பாகும் உண்டு. ஆனால் மாவைச் சுருட்டியோ மடித்தோ வெட்டி எண்ணெயில் பொரிக்கிறார்கள், உள்ளே பருப்பு கிடையாது. நெய் தடவி மடித்துத் தேய்க்கிற பழக்கம் உள்ள எந்த ஊரிலும் அடுக்கு தானாகவே பிறக்கும். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்பதற்கு அது போதாது.

உண்மையான சொந்தம் வேண்டுமானால் வியன்னாவைப் பாருங்கள். ஆஸ்திரியாவின் ஸ்ட்ரூடல், மேசை முழுக்கக் கையாலேயே இழுத்து மெலிதாக்குகிற மாவு. உஸ்மானியர் ஹங்கேரியில் இருந்த காலத்தில் அந்தப் பக்கம் போன கைவேலை அது. வியன்னாவில் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஸ்ட்ரூடல் கையெழுத்துக் குறிப்பு 1696ஆம் ஆண்டுடையது.

20 மார்ச்

நவ்ரூஸ் நாள், பாரசீகப் புத்தாண்டு. யாரோ அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் எடுத்த படத்தைப் போட்டு "இது பக்லவாவா, இல்லை கேக்கா" என்று கேட்டிருக்கிறீர்கள். பக்லவாவேதான். அஜர்பைஜானில் பத்தை ஒட்டித்தான் அடுக்கு, ஒவ்வொன்றும் தடித்தது. இரண்டு அடுக்குக்கு நடுவிலெல்லாம் பருப்பு. மேலே குங்குமப்பூ கலந்த முட்டை மஞ்சள் பூச்சு, ஒவ்வொரு சாய்சதுரத்தின் நடுவிலும் ஒரு பாதி வால்நட். நவ்ரூஸ் தட்டில் அது இல்லாமல் முடியாது.

அதே நாட்டில் ஷெகி என்று மலையடி ஊர். அங்கே பக்லவாவுக்குத் தாளே கிடையாது! அரிசி மாவைக் கரைத்து, பல துளை உள்ள புனல் வழியே சூடான தட்டில் வலையாக ஊற்றி எடுக்கிறார்கள். அந்த வலைகளை அடுக்கி, நடுவே ஹேசல்நட், ஏலம், கொத்தமல்லி விதை. மேலே குங்குமப்பூக் கரைசலில் கோடு. கொத்தமல்லி விதை என்றதும் முகம் சுளிக்காதீர்கள். பாகில் ஊறினபின் அது எலுமிச்சைத் தோல் மாதிரி மணக்கும். நான் கொண்டாடுகிற பக்லவாக்களில் இதற்குத் தனி இடம் உண்டு. மெல்லிய தாள்தான் பக்லவாவுக்கு இலக்கணம் என்று ஆன்டெப்காரர் சொன்னால், ஷெகிக்காரர் பதில் சொல்வார்.

22 மார்ச்

"பருப்பைப் பார்த்தால் ஊர் தெரியும் என்றீர்கள். ஷார்ஜாவில் நான் வாங்குகிற பெட்டியில் பாதி முந்திரி. எந்த ஊர் அது?"

இந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. டமாஸ்கஸிலும் லெபனானின் திரிபோலியிலும் முந்திரி காய்ப்பதில்லை. வளைகுடாவுக்கு அது கப்பலில் வருகிறது, நம் நாட்டிலிருந்தும். இந்திய முந்திரிக்கு அமீரகம் பெரிய சந்தை. அம்மோவிடம் கேட்டேன். பிஸ்தா விலை ஏறும்போதெல்லாம் முந்திரி கூடும், வெள்ளை நிறம் பெட்டிக்கு எடுப்பாக இருக்கும், இந்தியர்களும் விரும்பி வாங்குகிறார்கள் என்றார்.

ஆக, என் கணக்கு பழைய ஊர்களுக்குச் செல்லும். கப்பல் வந்து நிற்கிற ஊர்களில் பருப்பு சொல்வது விலையையும் வாங்குகிறவரையும். ஆனாலும் ஒன்று யோசித்துப் பாருங்கள்: பண்ருட்டியிலும் கொல்லத்திலும் முந்திரியோடு பிழைக்கிறவர்கள் நம்மவர்கள். அந்த மாதிரிக் கைகள் உடைத்த பருப்பை டமாஸ்கஸ்காரர் தாளில் சுருட்டி, நாம் அதை ஊருக்குப் பெட்டி கட்டுகிறோம். இதை யார் வீட்டுப் பண்டம் என்று சொல்வீர்கள்?

24 மார்ச்

பிஸ்தா பற்றித் தனியே எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆன்டெப் பக்லவாவின் பச்சை, முழுதாகப் பழுக்காத பிஸ்தாவின் பச்சை. காய் முற்றுவதற்கு முன்பே பறித்துவிடுகிறார்கள். பருப்பு சின்னதாக இருக்கும், எடை நிற்காது, விலை அதிகம். வாசனையும் நிறமும் அதில்தான் உச்சம். பிஸ்தா மரம் ஒரு வருஷம் அள்ளிக் கொடுத்து அடுத்த வருஷம் கையை விரிக்கிற ஜாதி. காய்க்காத வருஷத்தில் விலை எகிறும். போதாக்குறைக்கு உள்ளே பிஸ்தா வைத்த துபாய் சாக்லேட் மோகம் வேறு.

விலை ஏறினால் கலப்படம் வரும். பச்சைப் பட்டாணியை அரைத்துப் பிஸ்தாவோடு சேர்ப்பது துருக்கியிலேயே பலமுறை பிடிபட்டிருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் மொய்க்கிற இடம் ஒன்றில் நான் வாங்கின பெட்டி அப்படி இருந்தது. கிளிப்பச்சை, எல்லாத் துண்டிலும் ஒரே நிறம், வாயில் போட்டால் பச்சை மாவு வாடை. நல்ல பிஸ்தாவில் நிறம் ஒரே சீராக இருக்காது. பச்சைக்கு நடுவே ஊதாத் தோல் துணுக்குகள் கிடக்கும். கடைக்காரரிடம் ஒரு துண்டைப் பிளந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் சந்தோஷமாகக் காட்டுவார்.

30 மார்ச்

ஈத் முபாரக், எல்லாருக்கும். இன்று வட்டலப்பமும் பக்லவாவும் ஒரே மேசையில்.

3 ஏப்ரல்

வீட்டில் செய்ய நினைப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கையால் தாள் தேய்ப்பதை முதல் தடவையே முயல வேண்டாம், கடையில் கிடைக்கிற ஃப்ரோஸன் ஃபிலோ (மெல்லிய மாவுத் தாள்) வாங்குங்கள். முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். பிரித்தபின் ஈரத்துணி மூடி வையுங்கள், காற்றுப் பட்டால் நிமிஷத்தில் நொறுங்கும்.

வெண்ணெயை அப்படியே தடவாதீர்கள். வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் தாள்களை ஒட்டவைக்கும். பாலின் கசடு அவன் அடுப்பில் கருகும். நெய்யாக உருக்கித் தெளிந்ததை மட்டும் எடுங்கள். ஆன்டெப்பில் ஊர்ஃபா பக்கத்து நெய்யை விரும்புகிறார்கள், டமாஸ்கஸ்காரர்களுக்கு ஹமா நெய். நம் ஊர் நெய் இதற்குக் கச்சிதம், மணல்மணலாக உறைகிற நல்ல பசு நெய் இருந்தால் பயமே வேண்டாம்.

வேகவைப்பதற்கு முன்னாலேயே அடிவரை வெட்டிவிடுங்கள். வெந்தபின் கத்தி வைத்தால் மேல் அடுக்கு பொலபொலவென்று போய்விடும், பாகு இறங்க வழியும் இருக்காது.

இனிப் பாகு. நம் ஆட்கள் இங்கேதான் கை தவறுகிறார்கள், கம்பிப் பதம் வரை போய்விடுவார்கள். வேண்டாம். குலாப் ஜாமூனுக்கு வைக்கிற பிசுக்குப் பதத்திலிருந்து ஒரு கொதி கூட. எலுமிச்சைச் சாறு சில சொட்டு கட்டாயம். அந்தப் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக உடைக்கிறது. அதனால் பாகு ஆறினபின்னும் பூத்துப் போகாது. அடுத்து, சூட்டுக் கணக்கு. ஆன்டெப் மாஸ்டர்கள் கொதிக்கிற பாகைச் சுடச்சுட பக்லவாமேல் ஊற்றுகிறார்கள். அரபுக் கடைகளிலும் கிரேக்க வீடுகளிலும் சூடான பக்லவாமேல் ஆறின பாகு. வீட்டுக்கு இரண்டாவதுதான் நம்பகம். ஊற்றியதும் "சொய்ங்" என்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் அடங்கும்வரை நான் அடுப்படியை விட்டு நகர மாட்டேன், அவ்வளவு பிடிக்கும். ஊற்றினபின் மூடி போடாதீர்கள். ஆவி திரும்ப இறங்கி மேல் அடுக்கு நமுத்துவிடும்.

4 ஏப்ரல்

விட்டுப்போன ஒன்று. சாப்பிடும்போது துண்டைக் கவிழ்த்து, அடிப்பக்கம் மேலண்ணத்தில் படும்படி வாயில் வைக்கச் சொல்வார்கள் ஆன்டெப்காரர்கள். பாகும் நெய்யும் தங்கியிருப்பது அடிப்பக்கத்தில்தான். கடிக்கிறபோது சருகு மிதிக்கிற சத்தம் வர வேண்டும். வந்தால் புதுசு.

19 ஏப்ரல்

நாளை ஈஸ்டர். கிரேக்கத் தோழியின் வீட்டில் 33 அடுக்கு வைக்கிறார்களாம், தம்பி படம் போட்டிருக்கிறார். ஏசு வாழ்ந்த ஆண்டுக் கணக்குக்கு ஒரு தாள் என்று கிரீஸில் வழக்கம் உண்டு. ஆன்டெப்பில் 40. அஜர்பைஜானில் பத்து.

முன்னே 13ஆம் தேதிக் குறிப்பில் "நாற்பது தாளும் நாலு தாளாகும்" என்று எழுதினதைப் படித்து, 40க்குக் குறைந்தால் மட்டம் என்று ஒருவர் எடுத்துக்கொண்டார். அப்படிப் பார்க்காதீர்கள். எண்ணிக்கை ஒரு ஊரின் பக்தி, இன்னொரு ஊரின் பெருமை. வாய்க்குத் தெரிவது தாள் தனித்தனியாக நிற்கிறதா என்பதுதான்.

27 ஏப்ரல்

தம்பி மறுபடி முதல் கேள்விக்கே வந்து, "கடைசியில் துருக்கியா சிரியாவா, ஒன்றைச் சொல்லுங்கள்" என்கிறார்.

வரைபடத்தை எடுங்கள். ஆன்டெப்புக்கும் அலெப்போவுக்கும் நடுவே நூறு கிலோமீட்டர் சொச்சம். உஸ்மானியர் காலத்தில் ஆன்டெப், அலெப்போ மாகாணத்தில் ஒரு ஊர். எல்லைக்கோடு விழுந்தது முதல் உலகப்போருக்குப் பின்னால். துருக்கியின் பெயர்பெற்ற பக்லவாக் குடும்பம் குல்லுவோலு. 1949இல் இஸ்தான்புல் காராக்கோயில் கடை போட்டு, ஆன்டெப் பக்லவாவை அந்த நகரத்து மனிதர்களுக்குப் பழக்கியவர்கள். அவர்கள் முன்னோர் ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பும் வழியில் டமாஸ்கஸிலும் அலெப்போவிலும் தங்கி இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார் என்று அந்தக் குடும்பத்தாரே சொல்கிறார்கள். ஆக இஸ்தான்புல் அரண்மனையிலிருந்து மாகாணங்களுக்குப் போனது, மாகாணத்திலிருந்து ஹாஜியார் ஒருவர் மூலம் ஆன்டெப்புக்கு வந்தது, ஆன்டெப்பிலிருந்து திரும்ப இஸ்தான்புல்லுக்கே போயிற்று. இதில் யார் அசல், யார் பார்த்துச் செய்தவர்?

2011க்குப் பிறகு சிரியாவில் போர் மூண்டு ஜனங்கள் சிதறியபோது, அலெப்போ, டமாஸ்கஸ் இனிப்பு மாஸ்டர்கள் காஸியான்டெப்பிலும் இஸ்தான்புல் ஃபாத்திஹ் வட்டாரத்திலும் கெய்ரோவிலும் பெர்லினிலும் கடை போட்டார்கள். ஆன்டெப்பில் இப்போது துருக்கிக் கடையும் அலெப்போக் கடையும் ஒரே தெருவில். ஹாஜியார் போன பாதையில் எதிர்த்திசையிலிருந்து வந்திருக்கிறார்கள். அம்மோவும் அப்படிக் கிளம்பியவர்தான். வீட்டைப் பற்றிப் பேச மாட்டார். "டமாஸ்கஸில் பாகில் ஆரஞ்சுப்பூ நீரை எப்போது விடுவீர்கள்?" என்று கேட்டால் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து சொல்வார்: அடுப்பை அணைத்தபின், ஒருபோதும் முன்னால் அல்ல.

நாடு சொல்லச் சொன்னால் நான் சொல்ல மாட்டேன் தம்பி. பக்லவா அந்தச் சாலையுடையது.

6 மே

ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு, இதோடு என் பங்கு முடிகிறது. பாகு சொட்டுகிற தட்டுப் பக்லவா வேண்டாம். விரல்விரலாகச் சுருட்டினது, சின்ன முடிச்சு வகை, இவையெல்லாம் உலர்ந்த ரகம், பயணம் தாங்கும். அன்று காலை செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். கடையிலேயே வெற்றிடப் பேக்கிங் செய்யச் சொன்னால் துண்டு நசுங்கும், அட்டைப் பெட்டியில் நெருக்கமாக அடுக்கி டேப் ஒட்டினால் போதும். வீட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். நெய் உறைந்து சத்தம் போய்விடும். மே மாத வெயிலில் அலமாரியின் கீழ்த்தட்டு நல்லது. எறும்புக்குத் தட்டைச் சுற்றித் தண்ணீர் வையுங்கள், அது மட்டும் காயல்பட்டினத்திலும் டமாஸ்கஸிலும் ஒரே பிரச்சினை.